நாற்பத்து மூன்றாம் கம்பு

பாஸ்விக் பள்ளத்தாக்கு
பிப்ரவரி 9

ஓட்வார்,

‘அன்புள்ள’ என்று தொடங்கக் கை வரவில்லை. இரண்டு வருடமாக உனக்கு ஒரு வரி எழுதாத அக்கா இப்போது எழுதுகிறாள் என்றால் வேறு வழியில்லை என்று புரிந்துகொள்.

உன் அத்தானை வியாழக்கிழமை அக்கரை நாட்டுக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். எல்லை அலுவலகத்தில் சம்பளம் வாங்குகிற உனக்கு அது எனக்கு முன்பே தெரிந்திருக்கும். ஆனால் நான் கண்ணால் பார்த்ததை உனக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பகல் பன்னிரண்டு மணி இருக்கும். சமையலறை ஜன்னலருகே நின்று உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தேன். ஹெல்கே உறைந்த ஆற்றின் நடுவில், எல்லைக்கு நீ நட்ட கம்பு வரிசைக்கு இந்தப் பக்கம் மூன்று எட்டு தள்ளி, மீனுக்குப் பனியில் துளை போட்டுக்கொண்டிருந்தார். உன் புண்ணியத்தில் அபராதம் கட்டியதிலிருந்து அந்த மூன்று எட்டு அவருக்கு வேதம். அக்கரையிலிருந்து வெள்ளை உடுப்புப் போட்ட நான்கு பேர் பனி ஸ்கூட்டரில் வந்தார்கள். நான் பயப்படவில்லை. கம்பு வரைக்கும் வந்து முறைத்துவிட்டுத் திரும்புவார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கம்பைத் தாண்டி வந்தார்கள். அங்கே கம்பே இல்லாதது போல வந்தார்கள்.

ஹெல்கே கையை நீட்டிக் கம்பைக் காட்டினார். ஒருவன் ஏதோ சொன்னான். அவர் மறுபடி காட்டினார். கையைப் பின்னால் கட்டிய பிறகும் தலையை ஆட்டி ஆட்டிக் கம்பைத்தான் காட்டிக்கொண்டிருந்தார். நான் உருளைக்கிழங்கும் கையுமாக நின்றேன். கத்தினாலும் கேட்காத தூரம்.

போனில் கேட்கலாமே என்பாய். எங்கள் வீட்டில் போன் பாதி நேரம் அக்கரைக் கோபுரத்தைத்தான் பிடிக்கிறது, மணி தானாக இரண்டு மணி நேரம் முன்னால் ஓடிவிடுகிறது. விசாரிக்க வந்த போலீஸ்காரப் பெண், “இதப் பத்தி போன்ல மூச்சு விடாதீங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள். நேரில் வரலாம்தான். ஆனால் உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று சொன்னது சொன்னதுதான்.

ஒரே கேள்வி. அந்தக் கம்புகளை ஒவ்வொரு வருடமும் நடுகிறவன் நீ. அவை நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்கின்றனவா?

ராக்னா


கிர்கெனெஸ்
பிப்ரவரி 13

திருமதி ராக்னா அவர்களுக்கு,

இப்படித் தொடங்கியதற்குக் கோபித்துக்கொள்ளாதே. யார் யார் பிரித்துப் படிப்பார்களோ தெரியாது. இந்த விஷயத்தைப் பற்றி வீட்டாரிடம்கூடப் பேசக் கூடாது என்று அலுவலகத்தில் உத்தரவு.

கேட்டதற்குப் பதில். கம்புகளை டிசம்பர் 19 அன்று நட்டேன். அதற்கு முன் ஆற்றுப் பனி ஆள் தாங்கவில்லை. நான் வேலைக்குச் சேர்ந்த வருடம் நவம்பர் பாதியில் நட்டு முடித்தோம். ஜனவரி 16 அன்று வரிசை முழுவதையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

ஒன்று சொல்கிறேன், வருத்தப்படாதே. அக்கரையில் மீன் பிடிக்கும் அந்தச் சிவப்புத் தொப்பிக் கிழவனைக் கண்டால் அத்தானுக்குக் கை சும்மா இராது. அவன் மீன் வாளியைத் தூக்கிக் காட்டினால் இவரும் தூக்கிக் காட்டுவார். அக்கரையோடு பேசக் கூடாது, கை காட்டக் கூடாது, ஒரு பனி உருண்டைகூட எறியக் கூடாது. நமக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து இதுதான் சட்டம். நான் எழுதிக் கொடுத்ததால்தான் அவருக்கு அபராதமும் விழுந்து ஒரு குளிர்காலம் மீன்பிடி அனுமதியும் போயிற்று. நான் எழுதாவிட்டால் வேறொருவன் எழுதியிருப்பான், என் வேலையும் போயிருக்கும். இந்தத் தடவையும் வாளி ஆசையில் கம்பைத் தாண்டிவிட்டாரோ என்னவோ.

விறகு இரண்டு கட்டு தபால்காரரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறேன். உலர்ந்த பிர்ச்.

ஓட்வார்


பாஸ்விக்
பிப்ரவரி 20

எல்லை அலுவலகத்து உயர்திரு ஓட்வார் அவர்களுக்கு,

விறகு வந்தது. நன்றாக எரிகிறது. உன் கடிதத்தையும் அதிலேயே போட்டிருப்பேன், தேதிகள் எழுதியிருக்கிறாயே என்று வைத்திருக்கிறேன்.

வாளி ஆசையாம். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன் என்று எழுதியது உன் கண்ணில் படவில்லையா? அந்தக் கிழவன் போன குளிர்காலம் முழுக்க அக்கரையில் நின்று வாளியைத் தூக்கிக் காட்டினான். ஹெல்கே ஒரு நாள்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை. பிறகு அவனும் வருவதை நிறுத்திவிட்டான். இருபது வருடம் ஒரு வார்த்தை பேசாமல், பெயர்கூடத் தெரியாமல், வாளியில் எவ்வளவு மீன் என்று காட்டிக்கொண்ட இரண்டு பேர். அதை நீ ஒரு தாளில் ‘தொடர்பு’ என்று எழுதினாய்.

இதையும் கேள். வளைந்த பைன் மரமும் எங்கள் படகுக் கொட்டகைக் கூரையும் ஒரே கோட்டில் வந்தால் அது நடு ஆறு. இந்தப் பள்ளத்தாக்கில் எல்லாருக்கும் அதுதான் கணக்கு. ஹெல்கே அதை விட்டுவிட்டார். “இனிமே என் கண்ண நம்பமாட்டேன்டி. உன் தம்பி கம்பு சொல்ற எடத்துல நிக்கறேன். அப்பத்தான் எழுதிக் குடுக்கமாட்டான்” என்பார். சிரித்துக்கொண்டே சொல்வார், ஆனால் அது சிரிப்பு இல்லை.

நேற்று நான் பனியில் இறங்கினேன். சும்மா இருபது எட்டு வைத்தேன். அங்கேயிருந்து பார்த்தால் பைன் மரமும் கொட்டகையும் ஒன்றாக வருகிற இடத்தில் வெறும் பனிதான் இருக்கிறது. கம்புகள் இன்னும் எங்கேயோ அப்பால் நிற்கின்றன. என் கண்ணில் கோளாறோ, பயத்தில் அப்படித் தெரிகிறதோ, தெரியவில்லை. அதற்கு மேல் போகக் கால் வரவில்லை. தலைக்கு மேல் ஏதோ ட்ரோன் ரீங்காரம் கேட்டது. நம்முடையதா அவர்களுடையதா என்று யாரைக் கேட்பது? இரண்டில் எது என்றாலும் ஓடி வந்திருப்பேன்.

ஹெல்கேயை அக்கரையில் பெரிய ஊர்ச் சிறைக்கு மாற்றிவிட்டார்கள். வேவு பார்த்ததாக வழக்காம். காரணம் அவருடைய நோட்டு. முப்பத்தொரு வருடமாக ஒவ்வொரு வாரமும் பனி எத்தனை தடிமன் என்று எழுதி வைத்தாரே, அந்த நோட்டுதான். வருடா வருடம் மெலிந்துகொண்டே வருவதைப் பார்த்து, யாராவது படித்த பிள்ளைகளுக்கு உதவும் என்று எழுதினார். ஆற்றில் எந்த இடம் லாரி தாங்கும் என்று கணக்கெடுத்தார் என்கிறார்கள் அவர்கள். ஏப்ரல் 15 அன்று விசாரணை. அங்கே அமர்த்திய வக்கீல் சொல்கிறார், தெரிந்தே தாண்டினார் என்று முடிவானால் பன்னிரண்டு வருடம்வரை போகலாம் என்று. ஹெல்கேவுக்கு அறுபத்து மூன்று வயது.

நீ வந்து பார். பகலில் வா, முன்வாசல் வழியாக வா. பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வா. நான் ஒன்றும் கடித்துவிட மாட்டேன்.

ராக்னா


கிர்கெனெஸ்
பிப்ரவரி 27

அக்கா,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் எரித்துவிடு.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையில் வந்தேன். வீட்டுக்கு வரவில்லை, மன்னித்துக்கொள். ஆற்றில் மட்டும் இறங்கினேன். ஜிபிஎஸ் பெட்டி என்னை ஏதோ ஒரு விமான நிலையத்தின் ஓடுபாதையில் நிறுத்தி வைத்திருந்தது. இலையுதிர்காலத்திலிருந்தே அப்படித்தான், யாரோ அலைகளைக் கலைக்கிறார்கள். அதனால் கரையிலுள்ள மஞ்சள் எல்லைத்தூணிலிருந்து கயிறு பிடித்து அளந்தேன்.

கம்புகள் நகர்ந்திருக்கின்றன. முப்பத்தெட்டாம் கம்பிலிருந்து ஐம்பத்தேழு வரைக்கும், உங்கள் வீட்டுக்கு எதிரே ஏரி மாதிரி அகன்ற பகுதி முழுக்க, அறுபத்திரண்டு மீட்டர் கிழக்கே போயிருக்கின்றன. அத்தான் உட்கார்ந்திருந்தது நாற்பத்து மூன்றாம் கம்பருகே. அவர் துளை இன்னும் அங்கே தெரிகிறது, மேலே மெல்லிசாக மூடியிருக்கிறது. அது அக்கரை, அக்கா. கம்புக்கு இந்தப் பக்கம் மூன்று எட்டு, எல்லைக்கு அந்தப் பக்கம் அறுபது மீட்டர்.

யாரும் பிடுங்கி நடவில்லை. ஜனவரி 9லிருந்து 11 வரைக்கும் மழை பெய்ததே, அதன் வேலை. ஜனவரியில் மழை பெய்யும் என்று நான் இந்த வேலைக்கு வந்தபோது யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். மேலே அணையில் தண்ணீர் திறந்துவிட்டார்கள், ஆறு உயர்ந்தது, கரையோரம் பனி பிடிப்பு விட்டுவிட்டது. மேற்குக் காற்று மொத்தப் பனிப்பாளத்தையும் அப்படியே கிழக்கே தள்ளியிருக்கிறது. மறுநாள் குளிரில் மறுபடி உறைந்துவிட்டது. ஒரு கம்புகூடச் சாயவில்லை. நூல் பிடித்தது போல நிற்கின்றன.

அலுவலகத்தில் சொன்னேன். பெரியவர் கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். “ஓட்வார், நம்ம கம்பு நகர்ந்துருச்சுன்னு நீ ஒரு தாள்ல எழுதினா, நம்ம கம்பு நகரும்னு ஆயிரும். அதுக்கப்பறம் எந்தக் கம்பு எங்க நிக்கணும்னு அவங்க சொல்றதுதான் பேச்சு. இன்னிக்கி ஒரு ஆறு, நாளைக்கி ஒரு தீவு. இந்த நேரத்துல அத ஆரம்பிச்சு வெச்சவன்னு உன் பேரு இருக்கணுமா?” என்றார். கம்புகளைத் தொடக் கூடாதாம். போட்டோ எடுக்கக் கூடாதாம். வெளியே வரும்போது, “உன் அத்தான் விஷயத்த மேல இருக்கறவங்க பாத்துக்குவாங்க” என்றார்.

பார்த்துக்கொள்வார்கள் என்றுதான் நானும் நம்புகிறேன். பயமாகவும் இருக்கிறது. என் தெருவில் மூன்று நாளாக ஒரு சாம்பல் நிறக் கார் நிற்கிறது. நம் ஆட்களாகத்தான் இருக்கும். அப்படி நினைத்தாலும் பயம் குறையவில்லை.

தம்பி
ஓட்வார்


பாஸ்விக்
மார்ச் 6

ஓட்வார்,

எரிக்கவில்லை. எரிக்கவும் மாட்டேன்.

ஹெல்கேயின் நோட்டில் ஒரு பக்கத்தை வக்கீல் படம் எடுத்துத் தூதரகத்து ஆள் மூலம் அனுப்பியிருக்கிறார். அதைத்தான் விசாரணையில் முதலில் படித்துக் காட்டப்போகிறார்களாம். ஹெல்கேயின் கையெழுத்து, எனக்கு நன்றாகத் தெரியும். அப்படியே எழுதுகிறேன்.

‘ஜனவரி 22. முப்பத்தொரு சென்டிமீட்டர். நம் கரையோரம் புதுப் பனி, கண்ணாடி மாதிரி. பைன் மரமும் கொட்டகையும் சேரும் இடத்துக்குக் கம்பு ரொம்ப அப்பால் நிற்கிறது. ஓட்வார் 16ஆம் தேதி பார்த்தாயிற்று என்று படகுத்துறை அறிவிப்புப் பலகையில் போட்டிருக்கிறது. அவன் பார்த்திருந்தால் சரியாகத்தான் இருக்கும்.’

கம்பு தப்பாக நிற்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது, தெரிந்தும் போயிருக்கிறார் என்கிறார்கள் அவர்கள். அந்தக் கடைசி வரியை அவர்கள் படிப்பதே இல்லையாம்.

நான் அந்தக் கடைசி வரியைத்தான் ஒரு வாரமாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். பிறகு உன் இரண்டு கடிதத்தையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். மழை 9லிருந்து 11. நீ சரிபார்த்தது 16. பாளம் நகர்ந்து ஐந்து நாள் ஆன பிறகு நீ வந்து, ஒவ்வொரு கம்பாகப் பார்த்து, எல்லாம் சரி என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய். பனியை எனக்கு முன்னால் படிக்கக் கற்றவன் நீ. அறுபத்திரண்டு மீட்டர் உன் கண்ணுக்குத் தெரியவில்லையா?

நீ அன்றைக்கு வந்தாயா, ஓட்வார்?

இங்கே இரண்டு நாளாக வெயில் சுள்ளென்று அடிக்கிறது. பனிக்கு மேல் தண்ணீர் நிற்கிறது. முன்பெல்லாம் மே பாதிக்கு முன்னால் இந்த ஆற்றுப் பனி அசைந்ததில்லை என்று ஹெல்கே சொல்லிக்கொண்டிருப்பார். போன வருடம் ஏப்ரல் கடைசியில் போனது. கம்புகள் இப்போது நிற்கும் இடம்தான் சாட்சி. அந்தச் சாட்சி கால் ஊன்றியிருப்பது பனியில்.

ராக்னா


கிர்கெனெஸ்
மார்ச் 14

அன்புள்ள அக்காவுக்கு,

இதை எரிக்காதே. வக்கீலிடம் கொடு. மொழிபெயர்க்க வசதியாகத் தெளிவாக எழுதுகிறேன்.

நான், ஓட்வார் மிக்கால்சென், ஆற்றெல்லையில் கம்பு நடும் பணியாளர். ஜனவரி 16 அன்று முதல் கம்பிலிருந்து முப்பத்தேழாம் கம்பு வரை போய்ப் பார்த்தேன். முப்பத்தெட்டிலிருந்து ஐம்பத்தேழு வரையுள்ள இருபது கம்புகளை நான் பார்க்கவில்லை. பார்த்ததாகப் படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். படகுத்துறைப் பலகையிலும் தேதியை எழுதினேன். அது பொய். ஜனவரி மழைக்குப் பிறகு அந்தக் கம்புகள் பனியோடு அறுபத்திரண்டு மீட்டர் கிழக்கே நகர்ந்திருந்தன. பிப்ரவரி 24 அன்று கயிறு போட்டு அளந்தேன். ஹெல்கே நின்ற இடத்தில் நிற்கலாம் என்று அவருக்குச் சொன்னது என் கம்பும் என் கையெழுத்தும்தான். அவர் தெரிந்து தாண்டவில்லை. என்னை நம்பித் தாண்டினார்.

இவ்வளவும் வக்கீலுக்கு. மீதி உனக்கு, இருந்தாலும் அவரும் படிக்கட்டும், பரவாயில்லை.

அன்றைக்கு ஏன் வரவில்லை என்று கேட்கிறாய். வந்தேன். ஆற்று வளைவு வரைக்கும் வந்தேன். நடுப்பகல், ஆனாலும் அந்தி மாதிரி மங்கல், சூரியன் இன்னும் திரும்பியிருக்கவில்லை. வளைவில் திரும்பினதும் உன் சமையலறை விளக்கு தெரிந்தது. போன வருடம் அந்த வழியாகப் போனபோது நீ ஜன்னலில் நின்றாய், என்னைப் பார்த்ததும் திரும்பிக்கொண்டாய். இருபது கம்பு, ஒவ்வொன்றிலும் நின்று பார்க்க வேண்டும். முக்கால் மணி நேரம் உன் ஜன்னலுக்கு எதிரே. என்னால் முடியாது என்று தோன்றியது. தூரத்தில் கம்புகள் நேராகத்தான் தெரிந்தன. ஸ்கூட்டரைத் திருப்பிக்கொண்டு போய், அலுவலகத்து ஸ்கூட்டர் கொட்டகையில் நின்று கையெழுத்துப் போட்டேன். என் வெட்கத்துக்கு அத்தான் சிறையில் இருக்கிறார்.

முதலில் கேட்டபோதே சொல்லியிருக்கலாம். பயம், அக்கா. வேலை போகும் என்ற பயம் கொஞ்சம். பெரியவர் சொன்னது உண்மையாகிவிடுமோ என்ற பயம் நிறைய. இரண்டு கரையிலும் துப்பாக்கியோடு ஆட்கள் நிற்கும்போது, நான் பார்க்காமல் விட்ட இருபது மூங்கில் கம்பால் ஏதாவது ஆகிவிட்டால்? விடியும்வரை அதையே நினைத்துக்கொண்டு கிடக்கிறேன். இன்னும் அந்தப் பயம் போகவில்லை. போகாமலேயே எழுதுகிறேன்.

இதன் நகலைப் பெரியவர் மேசையிலும் வைத்துவிட்டேன். அவர் படித்துவிட்டு இழுப்பறையில் வைத்துப் பூட்டினார்.

உன் தம்பி
ஓட்வார்


கிர்கெனெஸ்
மார்ச் 29

அக்கா,

அவசரமாக நாலு வரி. என்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஆற்றங்கரைக்கு ஐந்நூறு மீட்டருக்குள் நான் வரக் கூடாது என்று உத்தரவு. உன் வீடும் அதற்குள்தான் வருகிறது.

ஆனால் ஒன்று நடந்திருக்கிறது. இரண்டு பக்கத்து அதிகாரிகளும் சேர்ந்து வந்து கம்புகளை அளக்க ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஏப்ரல் 9. அளந்து ஒரே தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டால் அத்தான் வெளியே வந்துவிடலாம் என்கிறார்கள்.

ஆறு அதுவரைக்கும் தாங்குமா? அத்தான் இருந்தால் நோட்டைப் புரட்டிவிட்டுச் சொல்வார். நீ தினமும் ஜன்னலில் பார். தயவுசெய்து பார்.

ஓட்வார்


பாஸ்விக்
ஏப்ரல் 8

தம்பி,

தாங்கவில்லை.

இன்று காலை பதினொன்றரைக்குப் பனி உடைந்து போய்விட்டது. நேற்று முழுக்க மழை. முதலில் பீரங்கி வெடித்தது போல ஒரு சத்தம். வந்துவிட்டார்கள் என்று மேசைக்கு அடியில் போய்விட்டேன், சிரிக்காதே. பிறகுதான் ஆறு என்று தெரிந்தது. எழுந்து ஜன்னலுக்கு வந்தபோது உன் கம்புகள் கிளம்பிவிட்டிருந்தன. இருபதும் அப்படியே நேராக நின்றபடி, பள்ளிக்கூடம் விட்டுப் போகிற பிள்ளைகள் மாதிரி வரிசையாகப் போயின. நாற்பத்து மூன்றை எண்ணிக் கண்டுபிடித்தேன். அது வளைவில் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். வேறு என்ன செய்ய முடியும்? ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து நிறுத்தவா?

நாளைக்கு அளக்க வருகிறவர்கள் தண்ணீரைத்தான் அளக்க வேண்டும். இனி ஹெல்கேவுக்கு இருப்பது உன் கடிதம் ஒன்றுதான். வக்கீலிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, முத்திரையும் போட்டாயிற்று. ஒரு தம்பி அத்தானுக்காகப் பொய் எழுதிக் கொடுத்தான் என்று அவர்கள் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று வக்கீலையே கேட்டேன். “அப்படித்தான் சொல்லுவாங்க. ஆனா தன் தலையிலயே மண்ண வாரிப் போட்டுக்கிட்டு எவனும் பொய் எழுதமாட்டான்னு நான் சொல்லுவேன்” என்றார்.

இன்னொன்று உனக்குச் சொல்ல வேண்டும். போன வருடம் நான் திரும்பிக்கொண்டது உண்மை. ஆனால் இந்த ஜனவரியில் ஹெல்கே பத்து நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார், “உன் தம்பி சரிபாக்க வருவான். கூப்பிட்டு ஒரு காப்பி குடு. நான்தானே அபராதம் கட்டினேன், உனக்கென்ன வீறாப்பு?” என்று. 16ஆம் தேதி வாஃபிள் மாவு கலந்து வைத்துக்கொண்டு, வெளிச்சம் ஆற்றில் விழட்டும் என்று இரண்டு விளக்கும் போட்டேன். வளைவில் ஒரு ஸ்கூட்டர் விளக்கு தெரிந்தது. பிறகு அது திரும்பிப் போயிற்று. வேறு யாரோ என்று நினைத்தேன்.

இதை உன்னைக் குத்துவதற்காக எழுதவில்லை. உனக்குத் தெரியாமல் நான் மட்டும் சுமக்க முடியவில்லை, அவ்வளவுதான்.

விசாரணைக்கு இன்னும் ஏழு நாள்.

அக்கா


பாஸ்விக்
மே 3

அன்புள்ள தம்பிக்கு,

ஹெல்கே வந்து பதினொரு நாள் ஆகிறது. அன்றைக்கே உனக்குச் செய்தி சொல்லி அனுப்பினேன், ஆனால் உட்கார்ந்து எழுத இன்றைக்குத்தான் முடிந்தது. எழுபத்தாறு நாளில் பாதி ஆளாகிவிட்டார். எல்லைச் சாவடி வழியாக நடந்து வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் பை. வேவு வழக்கு நிற்கவில்லை, கவனக்குறைவாகத் தாண்டினார் என்று தீர்ப்பு. உன் கடிதத்தை மூன்று தடவை படிக்கச் சொன்னார்களாம். கடைசித் தடவை நீதிபதி, “உங்கள் மைத்துனரை நீங்கள் இன்னும் நம்புகிறீர்களா?” என்று கேட்டாராம். நம்புகிறேன் என்றாராம். அது முட்டாள்தனமா நல்ல குணமா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை.

நோட்டைத் தரவில்லை. முப்பத்தொரு வருடக் கணக்கு இப்போது யாரோ ஒரு படைத்தலைவன் அலமாரியில் இருக்கிறது.

அவர் இப்போது ஜன்னலுக்கு முதுகைக் காட்டித்தான் உட்காருகிறார். முந்தாநாள் அந்தச் சிவப்புத் தொப்பிக் கிழவன் அக்கரையில் படகோடு வந்து நின்றான். வெகு நேரம் நின்றான். வாளியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினான். நான் சொன்னேன். ஹெல்கே திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார்.

நேற்று இரண்டு பேர் வந்தார்கள். நம் ஆட்கள், சாதாரண உடுப்பு. மரியாதையாக பூட்ஸைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார்கள், வாஃபிளும் பழுப்புப் பாலாடைக்கட்டியும் கொடுத்தேன், இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார்கள். பிறகு மேசையில் ஆற்றின் வரைபடத்தை விரித்தார்கள்.

“ஒண்ணும் பெருசா இல்ல. உங்க நோட்டு போயிருச்சுன்னு கேள்விப்பட்டோம். எந்தெந்த எடத்துல பனி கெட்டியா நிக்கும், எந்த மாசம் வரைக்கும் நிக்கும், நெனவுல இருக்கறத சொன்னீங்கன்னா போதும்” என்றான் இளையவன்.

ஹெல்கே வரைபடத்தைப் பார்த்தார். “எழுவத்தாறு நாளும் இத ஒண்ணத்தான் கேட்டாங்க” என்றார்.

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எங்கயும் லாரி தாங்காதுன்னு சொன்னேன். நீங்களும் அப்படியே எழுதிக்கங்க.”

அவர்கள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

உன்னால் இங்கே வர முடியாது என்று ஹெல்கேயிடம் சொன்னேன். “அப்ப நாம போவோம்” என்றார். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம். உன் வாசலை மிதிக்க மாட்டேன் என்று நான் சொன்னதை நீ மறந்துவிடு, நானும் மறந்துவிடுகிறேன். காப்பி போட்டு வை.

ஆனால் ஒன்று மனதில் கிடந்து அறுக்கிறது. அவர்கள் கார் போன பிறகு நான் கேட்டேன், “எங்கயும் தாங்காதுன்னீங்களே, நெசமா?” என்று. ஹெல்கே அப்போதுதான், வந்ததிலிருந்து முதல் தடவையாக, நாற்காலியைத் திருப்பிப் போட்டு ஆற்றைப் பார்த்தார்.

“இன்னும் ரெண்டு மூணு வருஷத்துக்குப் பொய். அதுக்கப்பறம் நெசம்” என்றார்.

அந்த இரண்டு மூன்று வருடத்தை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

அக்கா
ராக்னா